மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போட்டால் முறை மாறுமா?

(செயல்வீரர்கள் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறேன்.



இரண்டு பெரிய கட்சிகளே மாறி மாறி ஆளும் ஒரு முறையை, மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போடுவதன் மூலம் மாற்ற முடியுமா? இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் நம் இளைஞர்கள் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வியும் இதுவே.

இந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் சொல்வார்: "தம்பி, சின்னக் கட்சிக்குப் போடுற ஓட்டு கிணத்துல போட்ட கல்லு. ஜெயிக்கிறவனுக்குப் போடு. நாளைக்கு ஒரு காரியம்னா அவன்கிட்டதான் போகணும்." டீக்கடை பெஞ்சில் அமர்ந்திருக்கும் இளைஞன் சொல்வான்: "அத்தா காலத்துலேருந்து மாத்தி மாத்தி இவங்களுக்கே போட்டு என்னத்தைக் கண்டோம்? ரோஷம் இருந்தா தனியா நில்லுங்க."

பெரியவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இளைஞன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கணக்குப் பார்த்துச் சொன்னவர் எவருமில்லை. கோபத்தை வைத்தும் பயத்தை வைத்தும் ஒரு சமுதாயம் முடிவெடுக்கலாமா? ஆகவே இன்று நாம் கணக்கைப் பார்ப்போம்.

ஏன் இரண்டே கட்சிகள்?

நம் நாட்டுத் தேர்தலில் ஒரு தொகுதிக்கு ஒரே பிரதிநிதி. மற்றவர்களைவிட ஓர் ஓட்டு கூடுதலாக வாங்கியவர் வென்றவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தோற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுக்கள் வேறு எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. வெள்ளையர் ஆட்சியிலிருந்து நாம் எடுத்துக் கொண்ட விதி இது.

இந்த விதி என்ன செய்கிறது என்பதை நம் மாநிலத்திலேயே பார்க்கலாம். 1989 சட்டமன்றத் தேர்தலில் நான்கு முனைப் போட்டி. சுமார் 33 சதவிகித ஓட்டு வாங்கிய தி.மு.க.வுக்கு 150 இடங்கள் கிடைத்தன. சுமார் 20 சதவிகிதம் வாங்கிய காங்கிரசுக்குக் கிடைத்தவை 26 இடங்கள். 1996இல் ம.தி.மு.க. 5.78 சதவிகிதம் வாங்கியது. ஓர் இடம்கூட இல்லை. 2006இல் தே.மு.தி.க. 8.38 சதவிகிதம் வாங்கியது. விருத்தாசலம் என்ற ஒரே தொகுதி. 2021இல் நாம் தமிழர் கட்சி 6.58 சதவிகிதம், இடம் எதுவுமில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் அதே கட்சி 8.22 சதவிகிதம், அப்போதும் இடம் எதுவுமில்லை.

இதற்கு நேர் எதிரான கணக்கையும் பாருங்கள். 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் மாநில அளவில் வாங்கியது சுமார் ஒரு சதவிகிதம். ஆனால் கூட்டணியில் நின்று நான்கு இடங்களை வென்றார்கள். ஆறரை சதவிகிதத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு சதவிகிதத்துக்கு நான்கு! ஓட்டு எவ்வளவு என்பதைவிட, அது எங்கே குவிந்திருக்கிறது, யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதையே இந்த விதி பார்க்கிறது.

மௌரிஸ் துவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் 1951இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஒரு தொகுதிக்கு ஒரே பிரதிநிதி என்ற விதி இருக்கும் இடத்தில் போட்டி இரண்டு கட்சிகளை நோக்கியே சுருங்கும் என்றார். முதலில் எண்ணிக்கை முறை சிறிய கட்சியைப் பட்டினி போடுகிறது. அதைக் கண்ட வாக்காளர், அடுத்த முறை தன் ஓட்டு வீணாகக் கூடாது என்று தானே பெரிய கட்சியின் பக்கம் போய் விடுகிறார். திண்ணையில் அமர்ந்த நம் பெரியவர் அந்த நூலைப் படித்ததில்லை. ஆனாலும் அவர் நடந்து கொள்வது அதன்படிதான்.

மாறியதே இல்லையா?

அப்படியானால் மூன்றாவது கட்சி வென்றதே இல்லையா? வென்றிருக்கிறது. இரண்டு கழகங்களும் ஒரு காலத்தில் வெளியே நின்றவைதாம்.

தி.மு.க. 1949இல் துவங்கியது. 1957இல் முதன்முறையாகத் தேர்தலில் நின்று சொற்ப இடங்களையே பெற்றது. 1962இல் 50 இடங்கள். 1967இல் 137 இடங்களுடன் ஆட்சி. அந்த 1967 தேர்தலில் காங்கிரசும் தி.மு.க.வும் ஏறத்தாழ சமமாக, ஆளுக்குச் சுமார் 41 சதவிகித ஓட்டுக்களை வாங்கின. பிறகு எப்படி தி.மு.க. மட்டும் இவ்வளவு இடங்களைப் பிடித்தது? ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீக் ஆகியவை அண்ணா அமைத்த அணியில் இருந்தன. காங்கிரசுக்கு எதிரான ஓட்டுக்கள் சிதறாமல் ஒரே பெட்டியில் விழுந்தன. மாநிலத்தின் வரலாற்றைத் திருப்பிய அந்த வெற்றியில் நம் முன்னோர்களின் ஓட்டும் இருக்கிறது என்பதை மறந்து விடக் கூடாது.

அதற்கு முன் நடந்த 18 ஆண்டு வேலையையும் மறந்து விடக் கூடாது. படிப்பகங்கள், தெருமுனைக் கூட்டங்கள், நாடக மேடைகள், ஊர்தோறும் கிளைகள். 1959இல் சென்னை மாநகராட்சி கைக்கு வந்தது. கோட்டைக்குப் போகுமுன் ரிப்பன் மாளிகைக்குப் போனார்கள். அ.தி.மு.க. 1972இல் பிரிந்து, 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலை வென்று, 1977இல் ஆட்சியைப் பிடித்தது. ஐந்தே ஆண்டுகள்தாம்! ஆனால் ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்களும் கழகக் கிளைகளும் அதற்கு முன்பே தயாராக இருந்தன.

வேரில்லாமல் வளர்ந்தது என்ன ஆயிற்று என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2006இல் 8.38 சதவிகிதம் வாங்கிய தே.மு.தி.க., 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்களை வென்று அதன் தலைவர் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் மூன்றாவது அணியாக நின்றபோது அக்கட்சிக்குச் சுமார் 2.4 சதவிகிதம்தான். ஓர் இடமும் இல்லை. பத்தே ஆண்டுகளில் ஏறி இறங்கி விட்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். 1967இலும் 1977இலும் புதிய கட்சி வென்றது. ஆனால் முறை மாறியதா? முன்பிருந்த ஒரு பெரிய கட்சி ஓரத்துக்குப் போனது. அந்த நாற்காலியில் புதிய கட்சி அமர்ந்தது. 1967 முதல் 2021 வரை நடந்த தேர்தல்களில் ஆட்சி அமைத்தவை இரண்டு கழகங்களே. இங்கிலாந்திலும் இதுவே நடந்தது. தொழிலாளர்களின் கட்சி 1900 தேர்தலில் இரண்டே இடங்களை வென்றது. 1906இல் லிபரல் கட்சியுடன் தொகுதி உடன்பாடு செய்து 29 இடங்களைப் பெற்றது. 1924இல் ஆட்சி அமைத்தது. அதன் பிறகு லிபரல் கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. முன்பும் இரண்டு கட்சிகள்தாம், பின்பும் இரண்டு கட்சிகள்தாம்.

பிரிந்த ஓட்டின் விலை

இப்போது பெரியவரின் பயத்துக்கு வருவோம். அது வெறும் பயமல்ல. 2021இல் கோவை தெற்குத் தொகுதியில் பா.ஜ.க. வாங்கியது 53,209 ஓட்டு. மக்கள் நீதி மய்யம் வாங்கியது 51,481. காங்கிரஸ் வாங்கியது 42,383. வெற்றி வித்தியாசம் 1,728. பா.ஜ.க.வுக்கு எதிராக நின்ற இருவருக்கும் சேர்த்து விழுந்தவை 93 ஆயிரத்துக்கும் மேல்! ஒருவர் விலகியிருந்தால் அவருடைய ஓட்டு முழுவதும் மற்றவருக்குப் போயிருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் 1,728 ஓட்டு திரும்பியிருக்காதா என்று கேட்டுப் பாருங்கள்.

கடல் கடந்தும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்றொரு நகரம். அரபு வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் ஊர். 2020இல் அந்த ஊர் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஓட்டை பைடனுக்குத் தந்தது. காஸாவில் குழந்தைகள் கொல்லப்பட்டபோது அதே பைடன் இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பினார். 2024இல் அந்த ஊர் என்ன செய்தது? டிரம்புக்குச் சுமார் 42 சதவிகிதம், கமலா ஹாரிசுக்குச் சுமார் 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டெய்னுக்குச் சுமார் 18. நாடு முழுவதும் ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டாத கட்சிக்கு அந்த ஊரில் 18 சதவிகிதம்!

ஸ்டெய்னுக்குப் போட்டவர்களால்தான் டிரம்ப் வந்தார் என்று சிலர் பழி சுமத்தினார்கள். அது அநியாயம். மிச்சிகனில் டிரம்பின் வெற்றி வித்தியாசம் சுமார் 80,000. மாநிலம் முழுவதும் ஸ்டெய்ன் வாங்கியதே சுமார் 45,000தான். ஆனால் மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அந்த ஓட்டால் இரு கட்சி முறை அசைந்ததா? இல்லை. உள்ளம் கொதித்தவர்களின் கோபம் பதிவாயிற்று. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் மறுநாள் காலையிலும் வாஷிங்டனில் இருந்தவை அதே இரண்டு கட்சிகள்தாம்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

சகோதரர்களே! நம் ஓட்டு ஓர் அமானிதம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இறைக்கட்டளை (அல்குர்ஆன் 4:58). ஓட்டு ஒரு சாட்சியும் கூட. நமக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறது மார்க்கம் (4:135). ஆகவே ஓட்டுக்குக் காசு வாங்குபவன் சாட்சியத்தை விற்கிறான். அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

ஃபிக்ஹு கலையில் ஒரு சட்ட விதி உண்டு. இரண்டு தீங்குகள் எதிரெதிரே வந்து, இரண்டையும் தடுக்க முடியாமல் போனால், இலேசானதைச் சகித்துக் கொண்டு பெரியதைத் தடுக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிகளின் பேச்சாளர்களும், அரபியே தெரியாமல், இந்த விதியைத்தான் நம்மிடம் ஓதிக் காட்டுகிறார்கள். "எங்களை விட்டால் அவன் வந்து விடுவான்" என்கிறார்கள். விதி உண்மைதான்.

ஆனால் அதே கலையில் இன்னொரு விதியும் உண்டு. நிர்ப்பந்தத்தால் கிடைக்கும் சலுகை, நிர்ப்பந்தத்தின் அளவுக்குத்தான். பாலைவனத்தில் உயிர் போகும் நேரத்தில் ஹராமான உணவு உயிர் பிழைக்கும் அளவுக்கு அனுமதிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அதையே சமைத்து விருந்து வைக்க யார் அனுமதித்தது? "இலேசான தீங்கு" என்பது ஓட்டுப் போடும் ஒரு நாளுக்கான சலுகை. அதை நாம் ஐந்தாண்டுக்கும், பிறகு ஆயுளுக்கும் நீட்டி விட்டோம். நம் ஓட்டு எப்படியும் தங்களுக்குத்தான் என்று தெரிந்த கட்சி, நம்மை எதற்காக மதிக்க வேண்டும்?

அதன் விலையைப் பட்டியலாகவே வைக்கிறேன். 1998இல் பா.ஜ.க.வுடன் கைகோத்தது அ.தி.மு.க. 1999 முதல் 2003 முடிய அந்த அணியில் இருந்தது தி.மு.க.; 2002இல் குஜராத் எரிந்தபோதும் மத்திய அமைச்சரவையில் இருந்தது. 2019 டிசம்பர் 11இல் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்தப் 11 ஓட்டும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். கூட்டிப் பாருங்கள்.

எப்போது நமக்குக் கிடைத்தது?

நம் சமுதாயம் எப்போது பெற்றது என்பதையும் பார்க்க வேண்டும். 2006 தேர்தலில் தி.மு.க.வுக்கு 96 இடங்களே கிடைத்தன. கூட்டணிக் கட்சிகளின் தயவில்தான் ஆட்சி நடந்தது. அந்த ஆட்சியில்தான், 2007இல், கல்வியிலும் அரசு வேலையிலும் முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகிதத் தனி இடஒதுக்கீடு வந்தது. பல ஆண்டுகள் மாநாடு, பேரணி, சிறை என்று போராடிய சமுதாய அமைப்புகளின் உழைப்பு ஒரு பக்கம். சிறு கட்சிகளைக் கேட்காமல் நகர முடியாத ஆட்சி இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்த நேரத்தில் காரியம் நடந்தது. ஆளும் கட்சி அசுர பலத்தோடு இருந்த காலங்களில் நம் மனுக்கள் எங்கே போயின?

பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 1948 மார்ச் 10இல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. கேரளத்தில் அது 1967இல் ஏழு கட்சி அணியில் சேர்ந்து 14 இடங்களை வென்று, இ.எம்.எஸ். அமைச்சரவையில் இரண்டு இடங்களைப் பெற்றது. சி.எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சரானார். 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்தது. 1969இல் மலப்புரம் மாவட்டம் வந்தது. 1979இல் சி.எச். முதலமைச்சராகவே ஆனார். கேரளத்தில் இரண்டு பெரிய அணிகள் ஒழிந்து விட்டனவா? இல்லை. ஆனால் லீக் இல்லாமல் ஓர் அணி கணக்குப் போட முடியாது என்ற நிலை உருவானது. மலபாரில் ஓட்டு குவிந்திருந்தது. அந்த ஓட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூடம், அனாதை இல்லம், பத்திரிகை, வார்டு கமிட்டி என்று வருடம் முழுவதும் வேலை இருந்தது.

எச்சரிக்கையும் ஒன்று வேண்டும். அஸ்ஸாமில் 2005இல் பத்ருத்தீன் அஜ்மல் துவங்கிய கட்சி 2006இல் 10 இடங்களையும் 2011இல் 18 இடங்களையும் வென்று முக்கிய எதிர்க்கட்சியானது. ஆனால் அந்த வளர்ச்சியையே பூதமாகக் காட்டி எதிர்த்தரப்பு தன் ஓட்டுக்களைத் திரட்டியது. 2016இல் அங்கே பா.ஜ.க. முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது. 2024இல் துப்ரி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளரிடம் அஜ்மல் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். தோற்கடித்தவர்களில் பெரும்பாலோர் முன்பு அவருக்கு ஓட்டுப் போட்டு வந்த நம் மக்களே. தனியாக நின்றாலும் துணைகள் வேண்டும். துணை தேடாத மூன்றாவது கட்சி, தான் எதிர்க்கும் சக்திக்கே தீனியாகி விடும்.

விதியையே மாற்றிய நாடு

இதுவரை பார்த்தவை எல்லாம் பழைய விதிக்குள் இடம் பிடித்த கதைகள். விதியையே மாற்றிய நாடும் ஒன்று உண்டு. அது நியூசிலாந்து. அங்கும் நம்மைப் போலவே ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற முறையும், நேஷனல், லேபர் என்ற இரண்டு பெரிய கட்சிகளும் இருந்தன. சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சி 1978இல் 16 சதவிகித ஓட்டு வாங்கி ஒரே இடத்தையும், 1981இல் 20.7 சதவிகிதம் வாங்கி இரண்டே இடங்களையும் பெற்றது. ஐந்தில் ஒருவர் ஓட்டுப் போட்ட கட்சிக்கு இரண்டே உறுப்பினர்கள்! அந்த இரண்டு தேர்தல்களிலும் லேபர் கட்சி கூடுதல் ஓட்டு வாங்கியும், ஆட்சி நேஷனல் கட்சிக்குப் போனது.

இந்த அநியாயம் எல்லோர் கண்ணிலும் பட்டது. 1986இல் ஓர் அரசு ஆணையம், ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் தரும் முறையைப் பரிந்துரைத்தது. பெரிய கட்சிகள் தயங்கின. மக்கள் விடவில்லை. 1993 பொது வாக்கெடுப்பில் சுமார் 54 சதவிகிதத்தினர் புதிய முறைக்கு ஓட்டுப் போட்டார்கள். 1996இல் அந்த முறையில் நடந்த முதல் தேர்தலிலேயே ஆறு கட்சிகள் நாடாளுமன்றத்துக்கு வந்தன.

சோஷியல் கிரெடிட் கட்சி ஆட்சிக்கு வந்ததா? வரவே இல்லை. பிற்காலத்தில் அது மங்கியும் போனது. ஆனால் அதற்கு விழுந்த ஓட்டுக்கள் விதியின் அநியாயத்துக்குச் சாட்சியாக நின்றன. அந்தச் சாட்சியை வைத்து விதியை மாற்றுமளவு போராட ஒரு மக்கள் கூட்டம் இருந்தது. நம் தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. மூன்றாவது கட்சிக்கு விழும் ஓட்டு தானாக எதையும் மாற்றாது. அந்த ஓட்டைக் கையில் பிடித்துக் கொண்டு விதியை மாற்றக் கேட்கும் அமைப்பு இருந்தால் மாற்றும்.

நம் நாட்டுக்கு இது புதிய கோரிக்கையா? இல்லை. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையிலேயே காஜி சையத் கரீமுத்தீன் அவர்கள் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் கேட்டுத் திருத்தம் கொண்டு வந்தார். எழுத்தறிவு குறைந்த நாட்டில் அது நடைமுறைக்கு ஒவ்வாது, நிலையான ஆட்சியும் அமையாது என்று டாக்டர் அம்பேத்கர் மறுத்தார். அன்றைய நிலையில் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. எழுத்தறிவு வளர்ந்து, கூட்டணி ஆட்சிகளைப் பல முறை கண்ட நாட்டுக்கு அதே வாதம் இன்றும் பொருந்துமா? மாநிலங்களவைக்கும் குடியரசுத் தலைவர் பதவிக்கும் இன்றளவும் விகிதாச்சார முறையில்தானே தேர்தல் நடக்கிறது? சட்ட ஆணையமே 1999இல் தந்த 170ஆவது அறிக்கையில், மக்களவையில் 25 சதவிகித இடங்களைக் கூடுதலாக உருவாக்கி, அவற்றைப் பட்டியல் முறையில் விகிதாச்சாரப்படி நிரப்பலாம் என்று சொல்லவில்லையா?

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நாம் 5.86 சதவிகிதம். 234 இடங்களில் அது 13 அல்லது 14. இந்தக் கணக்கு நமக்கு மட்டும் சாதகமானதல்ல. எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாமல் மாநிலம் முழுவதும் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு சிறிய மக்கள் கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆகவே இதை முஸ்லிம் கோரிக்கையாக வைக்காதீர்கள். நீதிக் கோரிக்கையாக வையுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் மக்காவில் ஹில்ஃபுல் ஃபுளூல் என்ற உடன்படிக்கையில் கலந்து கொண்டார்கள். அநீதி இழைக்கப்பட்டவன் யாராக இருந்தாலும் அவனுக்காக ஒன்று சேர்வோம் என்ற ஒப்பந்தம் அது. இஸ்லாம் வந்த பின்பு அழைக்கப்பட்டாலும் அதை ஏற்பேன் என்று அவர்கள் சொன்னது நமக்கு வழிகாட்டுதல்.

நாம் செய்ய வேண்டியது

இனி வேலைக்கு வருவோம்.

முதலாவது, வாக்காளர் பட்டியல். 2025 நவம்பரில் நம் மாநிலத்தில் துவங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், பெயர் விடுபடுவது எவ்வளவு எளிது என்பதை ஒவ்வொரு தெருவுக்கும் காட்டியது. பெயர் இல்லாதவன் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவான்? ஒவ்வொரு மஹல்லாவிலும் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்கும் குழு வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குப் படிவம் 6. பிழை திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. இதை நிகாஹ் பதிவேட்டைப் போல ஜமாஅத்தின் வழக்கமான வேலையாக்குங்கள். நம் பெண்களின் பெயர்களையும் விட்டு விடாதீர்கள்.

இரண்டாவது, உள்ளாட்சி. ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். நகராட்சி வார்டில் சில ஆயிரம்தான். அங்கே நம் வேட்பாளர் முதலிடத்துக்கு வர முடியும். சாக்கடை, தண்ணீர், ரேஷன் கார்டு, கபரஸ்தான் சுற்றுச்சுவர் என்று ஐந்தாண்டு உழைத்தவருக்குத் தெருவிலுள்ள பிற சமய சகோதரர்களும் ஓட்டுப் போடுவார்கள். மூன்றாவது கட்சி என்பது வார்டில் பிறக்க வேண்டும்.

மூன்றாவது, பேரம். இந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு சீட்டு என்று இருட்டில் பேசுவதுதான் அசிங்கம். சமுதாயத்தின் கோரிக்கைகளை எழுத்தில் வைத்து, தேர்தலுக்கு முன், மக்கள் அறியப் பேசுவதில் அசிங்கம் எதுவுமில்லை. அந்தப் பட்டியலில் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் கட்டாயம் இடம் பெற வேண்டும். ஆண்டுக்கொரு முறை அந்தப் பட்டியலை ஜமாஅத்தின் முன் படித்து, நடந்தது எது, நடக்காதது எது என்று கணக்குக் கேட்க வேண்டும்.

நான்காவது, ஓட்டுப் போடும் நாள். ஒவ்வொரு தொகுதியிலும் மஷூராவில் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது வேட்பாளர் தகுதியானவராகவும் முதல் இரண்டு இடங்களில் வரக் கூடியவராகவும் இருக்கிறாரா? இருந்தால் தயங்காமல் அவருக்குப் போடுங்கள். வர முடியாது என்றால், நம் ஓட்டு பிரிவதால் பெரிய தீங்கு வெல்லும் ஆபத்து அங்கே உண்டா? உண்டு என்றால் சலுகையைப் பயன்படுத்துங்கள்; ஆனால் அது அந்த ஒரு நாளுக்கான சலுகை என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள். அந்த ஆபத்து இல்லை, இரண்டு பெரிய வேட்பாளர்களில் யார் வந்தாலும் நமக்கு ஒன்றுதான் என்றால், பிறகு ஏன் பயம்? அங்கே மூன்றாமவருக்குப் போடும் ஓட்டு வீணாகாது. அடுத்த முறை நம் வாசலுக்கு வரும்போது கணக்கோடு வா என்று பெரிய கட்சிக்குக் கொடுக்கும் நோட்டீஸ் அது. முடிவெடுக்கும் வரை வாதிடுங்கள். முடிவெடுத்த பின் உடைந்து போகாதீர்கள். பாதி ஓட்டு இங்கும் பாதி ஓட்டு அங்கும் போனால் நாம் நடத்திய மஷூராவுக்கு என்ன பொருள்?

இளைஞர்களே! ரோஷம் வேண்டும். ஆனால் தேர்தலுக்கு இருபது நாளைக்கு முன் வருகிற ரோஷம் போதாது. பெரியவர்களே! எச்சரிக்கை வேண்டும். ஆனால் அந்த எச்சரிக்கையை ஒரு கட்சிக்கு எழுதிக் கொடுத்த அடிமைச் சாசனமாக்கி விடாதீர்கள். ஐந்தாண்டுகளில் ஓட்டுப் போடுவது ஒரு நாள். மீதமுள்ள ஆயிரத்து எண்ணூறு நாட்களுக்கும் மேலான காலம் நம் கையில் இருக்கிறது. தி.மு.க. அந்த நாட்களைப் பயன்படுத்தியது. கேரள லீக் பயன்படுத்தியது. நியூசிலாந்து மக்கள் பயன்படுத்தினார்கள். நாம் என்ன செய்யப் போகிறோம்?

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக உங்கள் பூத்தின் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் தெருவில் விடுபட்ட பெயர்கள் எத்தனை என்று கிளை நிர்வாகியிடம் எழுதிக் கொடுங்கள். மற்றவை அதன் பின் வரும், இன்ஷா அல்லாஹ்.

உண்மையை உண்மையாகக் கண்டு அதைப் பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு அதை விட்டு விலகவும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.